பிரயாணத்தில் படச் சுருக்கம்

பிரயாணம் செய்கிறவர்கள் தாம் கண்ட காட்சியை உடனுக்குடன் பிறருக்குக் காட்ட விரும்புவது இயல்பு. அந்த விருப்பத்துக்கு இன்று பெருந்தடையாக இருப்பது படத்தின் பருமன். 24 மெகாபிக்சல் காமெரா எடுக்கும் படம் ஒவ்வொன்றும் சாதாரணமாக 8 முதல் 12 மெகாபைட் வரை இடம் அடைக்க, அதை ஏற்றிச் செல்லவேண்டிய இணைய இணைப்போ மலையூர்களிலும் சிற்றூர் விடுதிகளிலும் மிகவும் மெலிந்து கிடக்கிறது. வீட்டில் இருந்தால் பழகிய கணினியும் பழகிய மென்பொருளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வழியிலோ, தங்கும் விடுதியின் வரவேற்பறையிலுள்ள கணினி, பஸ் நிலையத்தருகே இருக்கும் பிரவுசிங் சென்டர், நண்பர் இரவலாகத் தரும் லேப்டாப், இவை எதுவும் வாய்க்காவிட்டால் கையிலுள்ள செல்போன் என்பவற்றைத் தவிர வேறு துணை இல்லை. பிறருடைய கணினியில் புதிய மென்பொருளை நிறுவ நமக்கு அதிகாரமும் இல்லை. இருந்தாலும் அது முறையும் ஆகாது. இந்த நிர்ப்பந்தத்தில், எதையும் நிறுவாமலே படங்களை இணையத்துக்கு ஏற்ற அளவில் சுருக்கிக்கொள்ள என்னென்ன வழிகள் உண்டு, எந்தச் சந்தர்ப்பத்துக்கு எது பொருந்தும், எதில் என்ன அபாயம் உண்டு என்று முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விஷயத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கருவிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி, இது இலவசம், அது சுலபம் என்ற அளவிலே நிறுத்திவிடுகிறார்கள். கருவிகள் தோன்றி மறையும் தன்மையுடையவை ஆதலால், அவற்றைப் பெயரால் வகுப்பதைவிட, சுருக்கும் வேலை எந்த இடத்தில் நடைபெறுகிறது என்பதைக் கொண்டு வகுப்பதே நிலையான பிரயோஜனம் தரும் என்பது என் அபிப்பிராயம். படம் நம் கையை விட்டு வெளியேறுவதற்கு முன்பே சுருங்குகிறதா, வெளியேறிய பின்பு சுருங்குகிறதா என்ற ஒரு கேள்வியிலேயே காலம், செலவு, அந்தரங்கம் ஆகிய மூன்றைப் பற்றிய விடையும் அடங்கியிருக்கிறது.

சுருக்கத்தின் வகைகள்

சுருக்குதல் என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வெவ்வேறு காரியங்கள் கலந்திருக்கின்றன. ஓரங்களைக் கத்தரித்து வேண்டிய பகுதியை மட்டும் வைத்துக்கொள்வது ஒன்று. நீள அகலங்களிலுள்ள பிக்சல்களின் எண்ணிக்கையைக் குறைப்பது மற்றொன்று. எண்ணிக்கையை மாற்றாமல், பதிவு செய்யும் முறையில் சிக்கனம் செய்து கோப்பின் பருமனைக் குறைப்பது மூன்றாவது. இவற்றை ஒன்றென மயங்குவதால் நேரும் குழப்பம் கொஞ்சமல்ல. பதிவுத் தரத்தை அடிமட்டம் வரை தாழ்த்திவிட்டு, 6000 பிக்சல் அகலத்தைத் தொடாமலே விட்டு, வேலை முடிந்தது என்று திருப்தி அடைவோர் பலர். அத்தகைய படம் கோப்பின் அளவில் சிறிதாயினும், வாசகருடைய செல்போனில் திறந்தவுடன் 2 கோடியே 40 லட்சம் பிக்சலாக விரிந்து, பிக்சல் ஒன்றுக்கு 4 பைட் வீதம் 96 மெகாபைட் நினைவிடத்தை அடைத்துக்கொள்ளும், பார்ப்பதற்கும் அழகிராது.

மூன்றாவது காரியத்துக்கு ஆதாரமான கணிதத்தில் நம் நாட்டவரின் பங்கு பெரிது. பெங்களூரில் பிறந்து அமெரிக்காவிலுள்ள கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, அவருடன் ஆராய்ந்த டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று டெக்சாஸில் பேராசிரியராக விளங்கிய கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974 ஜனவரியில் வெளியிட்ட சில பக்கக் கட்டுரை ஒன்றில் டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம் என்னும் கணித உருமாற்றத்தை விளக்கினார்கள். 1992இல் உருப்பெற்ற ஜேபெக் என்ற பட வடிவம் அதன்மீதே கட்டப்பட்டது. படத்தை 8 பிக்சல் நீளமும் 8 பிக்சல் அகலமும் உள்ள சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் ஒளி மெதுவாக மாறும் அம்சத்தையும் விரைந்து மாறும் அம்சத்தையும் தனித்தனியே அளந்து, மனிதக் கண் எளிதில் உணராத நுண்ணிய மாறுதல்களைக் கைவிடுவதே இம்முறையின் சூட்சுமம். ஒளியின் வேற்றுமையை உணர்வது போல் வண்ண வேற்றுமையை அவ்வளவு நுட்பமாக நம் கண் உணர்வதில்லை ஆகையால், வண்ண விவரங்களை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகக் குறைத்து வைப்பதும் வழக்கம்.

இவ்வாறு கைவிட்டது மறுபடி வராது. ஒருமுறை சுருக்கிய ஜேபெக் படத்தைத் திறந்து, மாற்றி, மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் நுட்பம் கழிந்துபோகிறது. எனவே, எந்த முறையைக் கையாண்டாலும் மூலப் படத்திலிருந்தே சிறுபடத்தைச் செய்யவேண்டும் என்பதும், மூலப் படத்தின்மேல் சிறுபடத்தை ஒருபோதும் சேமிக்கலாகாது என்பதும் இத்துறையின் முதல் விதிகள்.

எவ்வளவு போதும்?

ஹம்பியில் விட்டலர் ஆலயத்தின் முற்றத்திலுள்ள கல்ரதத்தை ஒருவர் 6000க்கு 4000 பிக்சல் அளவில் படம் எடுத்ததாகக் கொள்வோம். இணையத்தில் கட்டுரையோடு சேர்த்துக் காட்டும் படத்துக்கு 1200 பிக்சல் அகலம் பெரும்பாலும் போதும். கூர்மையான புதிய திரைகளையும் மனத்தில் கொண்டால் 1600 முதல் 2000 வரை வைத்துக்கொள்ளலாம். 1200க்கு 800 என்று சுருக்கினால் நீளமும் அகலமும் ஐந்தில் ஒன்றாக, பிக்சல்களின் எண்ணிக்கையோ இருபத்தைந்தில் ஒன்றாகக் குறைந்து 9,60,000 ஆகிறது. பதிவுத் தரத்தை 100க்கு 75 முதல் 85 வரையுள்ள எல்லைக்குள் நிறுத்தினால், 10 மெகாபைட் இருந்த கோப்பு ஏறத்தாழ 300 கிலோபைட்டில் அடங்கிவிடும்.

இந்தக் குறைவின் பயன் வழியில்தான் நன்கு விளங்கும். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஏற்றும் இணைப்பில், 10 மெகாபைட் படம் ஒன்று போய்ச்சேர 80 விநாடி ஆகும். சுருக்கிய படத்துக்கு இரண்டரை விநாடி போதும். படங்கள் 20 ஆனால், முன்னதற்கு அரைமணிக்குச் சற்றுக் குறைவாகவும், பின்னதற்கு ஒரு நிமிஷத்துக்கு உட்பட்டும் காலம் செல்லும். இடையில் இணைப்பு அறுந்துபோனால், பல தளங்களில் முதலிலிருந்தே தொடங்கவேண்டி வரும் என்பதையும் சேர்த்து எண்ணினால், பெரிய படம் மெதுவாகப் போகும் என்பதோடு நில்லாமல், போய்ச்சேராமலே ஒழியும் என்பதும் புலனாகும்.

தரத்தை எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்குப் படத்தையே கேட்கவேண்டும். கல்ரதத்தின் சக்கரத்தில் செதுக்கியுள்ள வேலைப்பாட்டில் தரக்குறைவு எளிதில் தெரியாது. அங்கே எல்லாம் நுணுக்கமாகவே இருப்பதால் சிறு பிழைகள் மறைந்துவிடும். அந்த ரதத்தின் மேற்புறம் நீலவானத்தைத் தொடும் விளிம்பிலோ, தரம் தாழத்தாழ முதலில் கொசு மொய்த்தாற்போன்ற புள்ளிகளும், பிறகு வானத்தின் மென்மையான பரப்பில் சதுரம் சதுரமான திட்டுகளும் வெளிப்படும். ஆகவே, தரத்தைச் சோதிக்க விரும்புகிறவர் படத்தின் நடுப்பகுதியை விட்டுவிட்டு, வானமும் கட்டடமும் சந்திக்கும் கோட்டைப் பெரிதாக்கிப் பார்ப்பது நலம்.

காமெராவுக்குள்ளேயே சுருக்குதல்

படம் சுருங்குவதற்கு மிகப் பத்திரமான இடம் அது பிறந்த இடமே. பலர் தம் காமெராவின் மெனுவை முழுவதும் பார்த்திராத காரணத்தால் இவ்வழி அறியப்படாமல் கிடக்கிறது. நிகான் நிறுவனத்தின் டிஎஸ்எல்ஆர் காமெராக்கள் பலவற்றில் ரீடச் என்ற மெனுவின் கீழும், கேனன் காமெராக்கள் பலவற்றில் எடுத்த படங்களைப் பார்க்கும் மெனுவின் கீழும், ரீசைஸ் என்றொரு வசதி உண்டு. படத்தைத் தேர்ந்து, வேண்டிய அளவைச் சுட்டினால், மூலத்தை அப்படியே வைத்துவிட்டு, சிறிய பிரதி ஒன்றைத் தனிக் கோப்பாக அதே மெமரி கார்டில் எழுதிவிடும். கணினி வேண்டாம், இணையம் வேண்டாம், ரயில் பெட்டியில் உட்கார்ந்தபடியே அன்றைய படங்களைத் தயார் செய்துவிடலாம். ரா வடிவத்தில் படம் எடுப்பவர்கள் அதனுடன் சிறிய ஜேபெக் ஒன்றையும் கூடவே எழுதும்படி தொடக்கத்திலேயே அமைத்துவிடுவது இன்னும் சௌகரியம். கம்பியில்லாத் தொடர்புள்ள காமெராக்கள் வந்த பின்னர் இதே கருத்து வேறு உருவம் பெற்றது. நிகான் 2016இல் கொண்டுவந்த ஸ்னாப்பிரிட்ஜ் என்ற ஏற்பாடு, எடுத்த படங்களை 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கித் தானாகவே செல்போனுக்கு அனுப்பிவைக்கிறது. இதற்குச் செல்போனில் ஒரு செயலி வேண்டும் என்றாலும், அது நம்முடைய செல்போனே ஆதலால் புறப்படுமுன் ஆயத்தம் செய்துகொள்ளத் தடையில்லை.

இவ்வழியின் குறைகளும் உண்டு. காமெரா தரும் அளவுகள் அது வகுத்தவையே. பதிவுத் தரத்தை நுட்பமாக மாற்ற இயலாது. சிறு திரையில் நுணுக்கம் தெரியாது. வேலை நீண்டால் பாட்டரி தீரும். ஆயினும், வேறெந்த வசதியும் கிட்டாத இடத்திலும் நிச்சயமாகக் கிட்டும் வழி என்ற வகையில் இதற்கே முதலிடம்.

கருவியோடு பிறந்த கருவிகள்

எதையும் நிறுவக்கூடாது என்றால், ஏற்கனவே நிறுவியிருப்பவற்றைத் தேடுவது அடுத்த படி. விண்டோஸ் கணினி எதுவானாலும் அதில் பெயிண்ட் இருக்கும். 1985இல் வெளிவந்த முதல் விண்டோஸ் தொட்டு ஏதேனும் ஓர் உருவில் அது இருந்தே வருகிறது. படத்தை அதில் திறந்து, கன்ட்ரோல் விசையோடு டபிள்யூ விசையை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி தோன்றும். அதில் சதவீதம், பிக்சல் என்ற இரண்டில் பிக்சலைத் தேர்ந்து, நீள அகல விகிதத்தைக் காக்கும் கட்டத்தில் குறி இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அகலத்தில் 1200 என்று எழுதினால், உயரத்தில் 800 என்பது தானாகவே வந்து நிற்கும். அந்தக் குறி எடுபட்டிருந்தால் கல்ரதம் நெட்டையாகவோ குட்டையாகவோ உருக்குலைந்துபோகும். பிறகு கவனமாக வேறு பெயரில் சேமிக்கவேண்டும். பழக்கத்தால் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்திவிட்டால், மூலப் படம் இருந்த இடத்தில் சிறுபடம் அமர்ந்துவிடும். ஜேபெக்கின் தரத்தை நாமே நிர்ணயிக்கும் வசதி பெயிண்டில் இல்லை என்பதும், படங்களை ஒவ்வொன்றாகவே செய்யவேண்டும் என்பதும் அதன் குறைகள்.

ஆப்பிள் கணினிகளிலுள்ள பிரிவியூ இவ்விரு குறைகளும் இல்லாதது. பல படங்களை ஒருங்கே திறந்து அளவை மாற்றவும், சேமிக்கும்போது தரத்தைத் தேர்ந்துகொள்ளவும் அது இடம் தருகிறது. ஐபோனில் மெயில் வழியாகப் படம் அனுப்பும்போது சிறியது, நடுத்தரம், பெரியது, உள்ளபடி என்ற நான்கில் எது வேண்டும் என்று அதுவே கேட்கும். தமக்குத் தாமே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டால் சுருக்கமும் ஆயிற்று, வேறோரிடத்தில் ஒரு பிரதியும் சேர்ந்தாயிற்று. சாம்சங் செல்போன்களின் கேலரியில் படத்தைத் திருத்தும் பக்கத்துக்குள் ரீசைஸ் என்ற தேர்வு இருக்கிறது. இவை ஒன்றும் கைகொடாத நிலையில், படத்தைத் திரை முழுவதும் விரித்து அந்தத் திரையையே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வது கடைசி உபாயம். நுட்பத்தில் குறைந்ததாயினும் அவசரத்துக்கு உதவும்.

அனுப்பிச் சுருக்கும் தளங்கள்

இனி, இணையத்தின் வழியே சுருக்கும் முறைகளுக்கு வருவோம். இவற்றில் மூத்தது, படத்தைத் தொலைவிலுள்ள ஒரு சர்வருக்கு அனுப்பி, அங்கே சுருக்கி, திரும்பப் பெறும் முறை. 2005இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் தொடங்கிய பிக்னிக் என்ற தளம் இவ்வகையில் மிகப் பிரசித்தி பெற்றது. மென்பொருள் எதுவும் இல்லாமலே பிரவுசரில் படத்தைத் திருத்தலாம் என்பது அக்காலத்தில் ஒரு புதுமை. 2010இல் கூகுள் அதை வாங்கியது. 2012 ஏப்ரலில் அது மூடப்பட்டது. ஃபிளாஷ் என்ற நுட்பத்தை நம்பி எழுதப்பட்டிருந்த பல படத்திருத்தக் கருவிகளும், 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றுபோனபோது, வேறு நுட்பத்துக்கு மாறவோ மறையவோ நேர்ந்தது. பிறருடைய சர்வரில் இருக்கும் கருவி நமக்கு என்றும் நிலைக்கும் என்று எண்ணிவிடலாகாது என்பதற்கு இச்சரித்திரமே சான்று.

ஆனால், நிலையாமையைவிடப் பெரிய குறை இம்முறையின் அமைப்பிலேயே உள்ளது. படம் பெரிதாக இருப்பதால் அனுப்பச் சிரமம், ஆகையால் சுருக்குகிறோம். சுருக்குவதற்கோ அந்தப் பெரிய படத்தையே முதலில் அனுப்பவேண்டியிருக்கிறது. உமியைக் களைந்தால் சுமை குறையும் என்று, உமியோடு கூடிய நெல்மூட்டையைத் தலையில் ஏற்றி ஆற்றைக் கடந்து, அக்கரையில் குத்தி, அரிசியை இக்கரைக்குக் கொண்டுவந்து, அதை விற்பதற்கு மறுபடியும் அதே ஆற்றைக் கடக்கிறவனுடைய உழைப்பைப் போன்றது இது. கணக்கிட்டுப் பார்த்தால், 10 மெகாபைட் படம் ஒருமுறை மேலே போய், 300 கிலோபைட்டாகக் கீழே வந்து, மீண்டும் ஒருமுறை மேலே போகிறது. உள்ளபடியே அனுப்பியிருந்தால் ஆகும் செலவைவிட இது அதிகம். இதனால் வாசகருக்கு நன்மை உண்டு. மெலிந்த இணைப்போடு போராடும் பிரயாணிக்கு நஷ்டமே. தாமே படங்களைச் சுருக்கிக்கொள்ளும் பதிப்புத் தளங்களின் நிலையும் இதுவே. வேர்ட்பிரஸ் 2019இல் வெளிவந்த 5.3ஆம் பதிப்பு முதலாக, 2560 பிக்சலுக்கு மேற்பட்ட படங்களைத் தானாகவே அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டுகிறது என்றாலும், முழுப் படமும் சர்வரைப் போய்ச்சேர்ந்த பிறகே அக்காரியம் நடக்கும்.

இரண்டாவது ஆட்சேபணை அந்தரங்கம் பற்றியது. பெயரறியாத ஒருவருடைய சர்வருக்குக் குடும்பப் படங்களையும், பாஸ்போர்ட்டின் பிரதியையும், விடுதியறையின் படத்தையும் அனுப்பும்போது, அவை எத்தனை காலம் அங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பது நம் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது. சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்று பல தளங்கள் வாக்களிக்கின்றன; அவ்வாக்கைச் சோதித்துப் பார்க்க நம்மிடம் உபாயம் இல்லை.

பிரவுசருக்குள்ளேயே நடக்கும் சுருக்கம்

இவ்விரு ஆட்சேபணைகளுக்கும் சென்ற சில ஆண்டுகளில் நல்ல பரிகாரம் ஏற்பட்டுள்ளது. இக்கட்டுரையில் மிகவும் வற்புறுத்த விரும்புவதும் இதுவே. 2004இல் ஆப்பிள் நிறுவனம் தன் பிரவுசரில் கொண்டுவந்து, பின்னர் எல்லாப் பிரவுசர்களும் ஏற்றுக்கொண்ட கான்வாஸ் என்ற அம்சம், இணையப்பக்கத்துக்குள்ளேயே படத்தை வரையவும், அளவு மாற்றவும், புதிய கோப்பாக வெளியே எடுக்கவும் வழி செய்தது. 2017இல் முக்கியமான பிரவுசர்கள் அனைத்திலும் வெப்அசெம்ப்ளி என்ற நுட்பம் இடம்பெற்றபோது, கணினியில் நிறுவும் மென்பொருளுக்கே உரியவை என்று கருதப்பட்ட கனமான கணக்குகளும் பிரவுசருக்குள் விரைவாக நடக்கலாயின. இதன் விளைவாக, பார்வைக்கு இணையதளம் போல இருந்தாலும், படத்தை எங்கும் அனுப்பாமல் நம் கணினியிலேயே, நம் செல்போனிலேயே சுருக்கித் தரும் ஒரு புதிய இனம் தோன்றியது. நிறுவாத மென்பொருள் என்று இதைச் சொல்லலாம்.

இவ்வினத்தில் எடுத்துக்காட்டத் தக்கது, கூகுளின் குரோம் குழுவினர் 2018 நவம்பரில் வெளியிட்ட ஸ்குவூஷ். படத்தை அதன்மேல் இழுத்துவிட்டவுடன் திரை முழுவதும் படம் விரிந்து, நடுவில் செங்குத்தாக ஒரு கோடு நிற்கும். கோட்டுக்கு ஒருபுறம் மூலப்படம், மறுபுறம் சுருக்கிய படம். அக்கோட்டைக் கையால் இடமும் வலமும் நகர்த்தும்போது, கல்ரதத்தின் விளிம்பு எந்தத் தரத்தில் கலங்குகிறது, எந்தத் தரம் வரை தெளிவாக நிற்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். அகலத்தை எழுதும் பெட்டியும், தரத்தை ஏற்றியிறக்கும் பட்டையும் ஓரத்தில் இருக்க, புதிய கோப்பின் பருமன் எத்தனை கிலோபைட், முன்னதைவிட எத்தனை சதவீதம் குறைவு என்ற கணக்கு கீழே உடனுக்குடன் மாறிக்கொண்டிருக்கும். தரம் என்பதை வெறும் எண்ணாக அறிந்திருந்தவர்களுக்கு அதைக் கண்ணால் காட்டிப் பழக்கும் ஆசிரியனாகவும் இக்கருவி அமைந்திருக்கிறது. ஒரு சமயத்தில் ஒரு படம் மட்டுமே செய்ய இயலும் என்பது இதன் குறை. கத்தரித்தல், வண்ணம் திருத்தல், எழுத்துச் சேர்த்தல் ஆகியவையும் வேண்டுவோருக்கு, இவான் குட்ஸ்கிர் என்ற தனிமனிதர் எழுதி 2013இல் வெளியிட்ட ஃபோட்டோபியா பொருத்தமானது. போட்டோஷாப் பழகியவர்கள் புதிதாக எதையும் கற்கவேண்டியதில்லை.

ஒரு தளம் மெய்யாகவே நம் கருவிக்குள் வேலை செய்கிறதா, அல்லது ரகசியமாகப் படத்தை அனுப்பிச் சுருக்குகிறதா என்று அறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. தளத்தைத் திறந்துகொண்டு, படத்தைக் கொடுப்பதற்கு முன்பு செல்போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கணினியானால் வைஃபையைத் துண்டியுங்கள். அதன் பிறகும் படம் சுருங்கிக் கோப்பாக இறங்குமானால், வேலை உள்ளேயே நடந்திருக்கிறது. தளம் தயங்கி நின்றால், அது சர்வரை நம்பியது. இணையம் மீண்டபின் அனுப்பினாலோ என்று ஐயுறுவோர், கோப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மூடிவிட்ட பிறகே இணைப்பைத் திறக்கலாம். ஸ்குவூஷை இணையம் உள்ளபோது ஒருமுறை திறந்துவைத்திருந்தால், பிறகு இணையம் அறவே இல்லாத இடத்திலும் அதே பிரவுசரில் திறக்கும்.

இவ்வழிக்கும் எல்லைகள் உண்டு. ஐபோனின் சஃபாரி பிரவுசர் நெடுங்காலம் ஒரு கான்வாஸில் 1,67,77,216 பிக்சலுக்கு மேல் அனுமதிக்கவில்லை. 24 மெகாபிக்சல் படம் அதில் வெறுமையாகத் திரும்பியது. பழைய கணினிகளில் நினைவிடம் போதாமல் பிரவுசர் திணறுவதும் உண்டு. ஐபோன் 2017 முதல் கையாளும் ஹெய்க் வடிவத்தைச் சஃபாரி தவிர்ந்த பிரவுசர்கள் பொதுவாகக் காட்டுவதில்லை. காமெரா அமைப்பில் ஜேபெக்கைத் தேர்ந்துவிட்டால் இச்சிக்கல் எழாது.

வாட்ஸ்அப் வழி

நம்மவர்களிடையே மிகுதியாக வழங்கும் முறை எது என்று கேட்டால், வாட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப எடுத்துக்கொள்வது என்றே சொல்லவேண்டும். சாதாரணமாக அனுப்பும் படத்தை அச்செயலி அனுப்புவதற்கு முன்பே, செல்போனுக்குள்ளேயே, நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குள் அடங்கும்படி சுருக்கிவிடுவதால், நாம் வகுத்த முறைப்படி இதுவும் வெளியேறுமுன் சுருக்கும் இனத்தையே சேர்ந்தது. மெலிந்த இணைப்பிலும் இது எடுபடுவதற்குக் காரணம் அதுவே. ஆயினும், தரத்தை நிர்ணயிக்கும் உரிமை நம்மிடம் இல்லை. வானத்திலும் முகங்களிலும் நுட்பம் கழிந்துபோகும். கோப்பின் பெயரும் மாறிவிடும். 2023இல் வந்த எச்டி தேர்வு ஓரளவு உதவும். டாக்குமெண்டாக அனுப்பினால் சுருக்கம் எதுவும் நிகழாது என்பதையும் மறக்கலாகாது. நண்பர்களுக்குக் காட்டும் படத்துக்கு இது தாராளமாகப் போதும். எழுத்தோடு சேர்ந்து நிலைத்து நிற்கவேண்டிய படத்துக்குப் போதாது.

படத்தோடு போகும் விவரங்கள்

டிஜிட்டல் படத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத குறிப்பேடு ஒன்று இருக்கிறது. ஜப்பானிய மின்னணுத் தொழில்துறைச் சங்கம் ஒன்று 1995இல் வகுத்த எக்சிஃப் என்ற அமைப்பின்படி, எந்தக் காமெரா, எந்த நாள், எந்த நேரம் என்பவற்றோடு, ஜிபிஎஸ் இயங்கியிருந்தால் எந்த இடம் என்பதும் படத்தில் பதிவாகிறது. 2012 டிசம்பரில், வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்றவரும், போலீஸார் விசாரணைக்குத் தேடிவந்தவருமான ஜான் மெக்காஃபி தலைமறைவாக இருந்தபோது, அவரோடு எடுத்த படத்தை வைஸ் என்ற பத்திரிகை இணையத்தில் வெளியிட, அப்படத்தில் இருந்த ஜிபிஎஸ் குறிப்பே அவர் குவாத்தமாலாவில் இருப்பதை உலகுக்குக் காட்டிக்கொடுத்தது. ஒளிந்திருக்கவேண்டிய அவசியம் சாதாரணப் பிரயாணிக்கு இல்லை. ஆனால் தனியாகப் பயணம் செய்யும் பெண் இன்றிரவு தங்கும் விடுதி எது என்பதும், காட்டில் அரிய விலங்கு ஒன்று எந்தப் புதரருகே நின்றது என்பதும் எல்லாரும் அறியவேண்டிய விஷயங்கள் அல்ல.

கான்வாஸ் வழியாகச் சுருக்கும் கருவிகளில் இக்குறிப்புகள் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன. வாட்ஸ்அப்பும் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து இவற்றை நீக்கிவிடுகிறது. மற்றக் கருவிகளில் நிச்சயம் இல்லாமையால், விண்டோஸில் கோப்பின் பிராப்பர்ட்டீஸ் பெட்டிக்குள் விவரங்களை நீக்கும் இணைப்பைப் பயன்படுத்தலாம். ஐபோனில் படத்தைப் பகிரும்போது மேலே தோன்றும் ஆப்ஷன்ஸ் பகுதியில் இடத்தை விலக்கிவிடலாம்.

பிறர் கணினியில் ஒழுக வேண்டிய முறை

பொதுக் கணினியில் வேலை செய்வோர் கைக்கொள்ளவேண்டிய சில நியமங்களையும் சொல்லவேண்டும். எஸ்டி கார்டின் பக்கவாட்டில் நகரும் சிறு பூட்டு ஒன்று உண்டு. அதைக் கீழே இறக்கிவிட்டுக் கணினியில் செருகினால், படங்களைப் படிக்கலாமே தவிர எழுதவோ அழிக்கவோ இயலாது. கோப்புகளையெல்லாம் மறைத்து ஷார்ட்கட்டாகக் காட்டும் வைரஸ் பிரவுசிங் சென்டர்களில் எத்தனை பென்டிரைவ்களைப் பாழ்படுத்தியிருக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு இப்பூட்டின் அருமை தெரியும். பெயிண்டில் கைதவறி மூலத்தின்மேல் சேமிக்கும் விபத்தும் இதனால் நேராது. சுருக்கிய படங்களை டெஸ்க்டாப்பில் ஒரு தனி ஃபோல்டரில் வைத்து, வேலை முடிந்ததும் அதையும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இறங்கியவற்றையும், ரீசைக்கிள் பின்னில் எஞ்சியவற்றையும் அழிக்கவேண்டும். பிரவுசரை இன்காக்னிடோ முறையில் திறப்பது கணக்கின் கடவுச்சொல்லைக் காக்குமேயன்றி, இறக்கிய கோப்புகளை அழிக்காது.

ஆட்சேபணையும் முடிவும்

இணைப்பின் வேகம் ஆண்டுதோறும் வளர்ந்துவரும்போது இத்தனை கவனம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நகரங்களைப் பொறுத்தவரை இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் வேகம் வளர்ந்த அளவுக்குக் காமெராவின் பிக்சல்களும் வளர்ந்திருக்கின்றன. அன்றியும், அனுப்புகிறவர் இருக்கும் ஊர் ஒன்று, பார்க்கிறவர்கள் இருக்கும் ஊர்கள் பல. அளவிட்ட டேட்டாவில் தொலைதூரக் கிராமத்திலிருந்து படிக்கும் மாணவருக்கு, பத்துப் படங்கள் கொண்ட ஒரு கட்டுரை 100 மெகாபைட்டாக இருப்பதற்கும் 3 மெகாபைட்டாக இருப்பதற்கும் உள்ள வேற்றுமை, அதைப் படிக்க முடியுமா முடியாதா என்பதுதான். சுருக்கிக் கொடுப்பது வாசகருக்குச் செய்யும் மரியாதை.

ஆராய்ந்தவற்றைத் தொகுத்துக் காணின், காமெராவுக்குள் சுருக்குவது எங்கும் எப்போதும் கைகொடுக்கும். நுட்பமும் தரமும் வேண்டுமிடத்தில் பிரவுசருக்குள்ளேயே வேலை செய்யும் கருவி சிறந்தது. அதுவும் இயலாதபோது பெயிண்ட், பிரிவியூ போன்ற உடன்பிறந்த கருவிகள் போதும். நண்பர்களுக்கு வாட்ஸ்அப் போதும். அனுப்பிச் சுருக்கும் தளங்களை, இணைப்பு வலுவாகவும் படத்தில் அந்தரங்கம் எதுவும் இல்லாமலும் இருந்தால் மட்டுமே நாடலாம். புறப்படுவதற்கு முந்தின தினம் காமெராவின் ரீசைஸ் மெனுவை ஒருமுறை பழகிக்கொள்வதும், செல்போன் பிரவுசரில் ஸ்குவூஷைத் திறந்து ஏரோபிளேன் மோடில் சோதித்துவைப்பதும், வேண்டிய அகலத்தையும் தரத்தையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வதும் அரைமணி நேர வேலைக்கு மேற்பட்டதல்ல.

கருவிகளை ஆக்குவோருக்கும் ஒரு கடமை உண்டு. படம் எங்கே சுருங்குகிறது, சர்வருக்குப் போகிறதென்றால் எத்தனை காலம் அங்கே இருக்கிறது என்பதை முதற்பக்கத்தின் முதல் வரியிலேயே, வாசிப்பவரின் மொழியில், தெளிவாக எழுதிவைப்பதை அவர்கள் ஒரு தர்மமாகக் கொள்ளவேண்டும். அவ்வரி இல்லாத தளத்தில் தம் படத்தை வைக்க மறுப்பது பயன்படுத்துவோரின் உரிமை. அவ்வுரிமையைப் பலரும் பயன்படுத்தத் தொடங்கினால், அந்த வரியை எழுதாத தளம் நிலைக்காது.